கட்டடத் தொழிலாளர்கள் வேலையை விட்டு ஏன் போகிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"ஆளே நிற்க மாட்டேன் என்கிறார்கள்." கட்டுமானத் தொழிலில் பெரிய நிறுவனத்தின் திட்ட மேலாளர் முதல் நான்கு பேரை வைத்து வேலை எடுக்கும் மேஸ்திரி வரை எல்லோரும் இதைச் சொல்கிறார்கள். சொன்ன கையோடு, "இந்தக் காலத்து ஆட்களுக்குப் பொறுப்பில்லை" என்று பழியையும் போட்டுவிடுகிறார்கள். ஆட்கள் போவதில் பெரும்பகுதிக்குக் காரணம் சைட்டுக்குள்ளேயே இருக்கிறது, அதைச் சரிசெய்யவும் முடியும் என்பது என் திடமான கருத்து. வேலை வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கும், வேலை செய்கிறவர்கள் கேட்கும் சிலவற்றுக்கும் அந்தக் கோணத்தில்தான் பதில் எழுதியிருக்கிறேன்.

கட்டுமானத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பது இயல்புதானே?

ஓரளவுக்கு ஆமாம். தொழிற்சாலை ஒரே இடத்தில் இருக்கும், அதே பொருளை வருஷக்கணக்கில் செய்யும். கட்டடம் அப்படியில்லை. அஸ்திவாரத்துக்கு ஓர் அணி, கம்பி கட்ட ஓர் அணி, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் தற்காலிகப் பலகை, தகடு அமைப்பு) அடிக்க ஓர் அணி, அப்புறம் கொத்து வேலை, பூச்சு, டைல்ஸ், பெயின்ட் என்று வேலை முடிய முடிய ஆட்கள் கிளம்புவார்கள். இதை வேலையை விட்டுப் போவது என்று கணக்கில் சேர்க்கவே கூடாது.

ஆனால் பல இடங்களில் மூன்று விதமான போக்கையும் ஒரே பட்டியலில் எழுதிவிடுகிறார்கள். வேலை முடிந்து போனவர் ஒரு வகை. வேலை இருக்கும்போதே பக்கத்து சைட்டுக்கோ வேறு கான்ட்ராக்டரிடமோ போனவர் இன்னொரு வகை. கரண்டியையும் மட்டப்பலகையையும் வீட்டில் போட்டுவிட்டு வண்டி ஓட்டவோ காவலுக்கோ போனவர் மூன்றாவது வகை. இரண்டாவது வகைக்குக் காரணத்தைப் பெரும்பாலும் அந்த சைட்டில் தேட வேண்டும். மூன்றாவது, தொழில் முழுக்கவே உள்ள கோளாறு. இவற்றைப் பிரிக்காமல் கையாண்டால் எதற்கு மருந்து கொடுப்பது என்றே தெரியாது.

கூலி குறைவு என்பதுதானே முக்கியக் காரணம்?

கூலி முக்கியம்தான். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கிறது என்று நண்பர் போன் செய்தால் அடுத்த நாளே கிளம்புகிறவர்கள் உண்டு. ஆனால் அவர் அந்த போனுக்குக் காது கொடுத்தது ஏன் என்று பார்க்க வேண்டும். சொன்ன தேதியில் சொன்ன பணம் கைக்கு வரும் சைட்டில், சிறிய வித்தியாசத்துக்காக ஆள் லேசில் கிளம்ப மாட்டார். பாக்கி இழுத்துக்கொண்டே போகும் சைட்டில் இருப்பவருக்கு எந்த போன் வந்தாலும் போதும்.

சம்பள நாள் எப்படி இருக்கும் என்று பாருங்கள். சாயங்காலம் கை கால் கழுவிவிட்டு ஆட்கள் உட்கார்ந்திருப்பார்கள். மேஸ்திரி நோட்டைப் பிரிப்பார். ஒருவர் இருபத்து நான்கு நாள் வந்தேன் என்பார், நோட்டில் இருபத்து இரண்டரை இருக்கும். மழை வந்து பாதியில் நின்ற நாளை அரை நாளாகப் போட்டிருப்பார்கள், அதை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஓவர்டைம் செய்த இரண்டு இரவுகள் "அடுத்த பில்லில் பார்க்கலாம்" என்று தள்ளிப்போகும். அட்வான்ஸ் கழியும், காலணிக்கும் தலைக்கவசத்துக்கும்கூடச் சில இடங்களில் கழியும். கடைசியில் கையில் வாங்கும் தொகை, அவர் வீட்டுக்கு போனில் சொல்லியிருந்த தொகையாக இருக்காது. இரண்டு சம்பள நாள் இப்படிப் போனால் மூன்றாவது சம்பளத்துக்கு அவர் காத்திருக்க மாட்டார்.

கான்ட்ராக்டர்கள் வேண்டுமென்றா தாமதிக்கிறார்கள்?

சிலர் வேண்டுமென்றே செய்கிறார்கள். பலருக்கு மேலிருந்து பணம் வருவதில்லை. உரிமையாளர் முதன்மைக் கான்ட்ராக்டருக்கு, அவர் துணைக் கான்ட்ராக்டருக்கு, அவர் மேஸ்திரிக்கு, மேஸ்திரி தொழிலாளிக்கு என்று பணம் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படியிலும் பில் சரிபார்ப்பு, பிடித்தம், தகராறு. கடைசிப் படியில் இருப்பவர்தான் சேமிப்பே இல்லாதவர். மற்ற எல்லோருக்கும் அவர்தான் வட்டியில்லாமல் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பிரிட்டனில் 1996-இல் இதற்காகவே ஒரு சட்டம் வந்தது. "எனக்கு மேலிருந்து பணம் வந்தால்தான் உனக்குத் தருவேன்" என்று ஒப்பந்தத்தில் எழுதுவது, மேலே இருப்பவர் திவாலான நிலையைத் தவிர, செல்லாது என்றது. அப்படியும் 2018 ஜனவரியில் கரில்லியன் என்ற பெருநிறுவனம் கவிழ்ந்தபோது, அது தன்னிடம் வேலை செய்த சிறு நிறுவனங்களுக்கு 120 நாள் தவணை வைத்திருந்தது வெளியே வந்தது. ஐக்கிய அரபு அமீரகம் 2009-இல் சம்பளம் வங்கி வழியாகத்தான் போக வேண்டும், யாருக்குப் போகவில்லை என்பது அரசுக்குத் தெரிய வேண்டும் என்று ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. வழிகள் இல்லாமல் இல்லை. முதன்மைக் கான்ட்ராக்டர் நினைத்தால், பில் தொகையில் தொழிலாளர் கூலியை மட்டும் பிரித்து முன்னதாகக் கொடுத்துவிட முடியும். பொருள் விலையில் தகராறு இருக்கட்டும், அது இரு கான்ட்ராக்டர்களின் பிரச்சினை.

கொஞ்சம் கூலியைப் பிடித்து வைத்தால் ஆள் போக மாட்டார் அல்லவா?

போவார். பிடித்து வைத்த தொகை சிறியதாக இருக்கும்போதே போய்விட வேண்டும் என்று கணக்குப் போட்டுப் போவார். போகாமல் நிற்பவரும் மனமில்லாமல்தான் நிற்பார், அது அவர் கட்டும் சுவரிலேயே தெரியும். இன்னொன்று, அந்த சைட்டில் பணத்தைப் பிடித்து வைக்கிறார்கள் என்ற செய்தி அவருக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். அடுத்த முறை ஆள் கேட்டால் வர மாட்டார்கள்.

இது நியாயமும் இல்லை. வேலை முடிந்து விலகும்போது பாக்கிக் கூலி முழுவதும் நியாயமான காலத்துக்குள் தீர்க்கப்பட வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1949-ஆம் ஆண்டு கூலிப் பாதுகாப்பு உடன்படிக்கை சொல்கிறது. தானாக விலகியவரும் அதில் அடக்கம்தான்.

மேஸ்திரி, மேற்பார்வையாளர் நடந்துகொள்ளும் விதத்துக்கு இதில் எவ்வளவு பங்கு?

கூலிக்கு அடுத்த இடம் என்று சொல்லலாம். நல்ல சைட்டுகளில் இதற்குத்தான் முதல் இடம்.

கட்டுமானத்துக்கு வெளியிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறேன், விஷயம் இங்கேயும் அப்படியே பொருந்தும். 1913-இல் டெட்ராய்ட் அருகே ஃபோர்டு கார் தொழிற்சாலையில் சுமார் 14,000 பேரை வேலையில் வைத்திருக்க ஒரே வருஷத்தில் 52,000 பேருக்கு மேல் சேர்க்க வேண்டியிருந்தது. 1914 ஜனவரியில் ஒரு நாள் கூலியை 5 டாலராக உயர்த்தி, ஒன்பது மணி நேர வேலையை எட்டாகக் குறைத்தார்கள், ஆட்கள் போவது பெருமளவு நின்றது. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதற்குச் சில மாதம் முன்னால், 1913 அக்டோபரில் செய்த மாற்றம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஃபோர்மேன் தன் இஷ்டத்துக்கு ஆளை வேலையிலிருந்து நீக்கும் அதிகாரத்தைக் குறைத்தார்கள். ஆளுக்கொரு விதமாக இருந்த கூலி விகிதங்களையும் ஒழுங்குபடுத்தினார்கள். ஒரு மனிதரின் கோபத்தில் தன் பிழைப்பு தொங்கவில்லை என்று தெரிந்தால் தொழிலாளிக்குக் காலூன்றி நிற்க மனம் வரும்.

நம் சைட்டுகளில் மேஸ்திரிக்குத்தான் எல்லா அதிகாரமும். ஆளைக் கூட்டிவருபவர் அவர், வருகையைக் குறிப்பவர் அவர், பணம் கொடுப்பவர் அவர், திட்டுபவரும் அவர். நல்ல மேஸ்திரி கிடைத்தால் பத்து வருஷம் அவர் பின்னாலேயே போகிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் அவர் கோபித்துக்கொண்டு கிளம்பும்போது மொத்த அணியும் கிளம்பிவிடுகிறது. அவர்கள் விசுவாசம் அந்த நிறுவனத்தின் மேல் என்றைக்கும் இருந்ததே இல்லை. நிறுவனத்தின் பெயர்கூடச் சிலருக்குத் தெரியாது. ஆட்கள் நிலைக்க வேண்டும் என்று விரும்பும் நிறுவனம் குறைந்தபட்சம் வருகைப் பதிவையும் கூலி கொடுப்பதையும் தன் கையில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மரியாதைக் குறைவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயதில் மூத்த கொத்தனாரை நேற்று வந்த மேற்பார்வையாளர் பத்துப் பேர் முன்னால் "டேய்" என்று கூப்பிடுவது இன்னும் நடக்கிறது. அவர் அன்றைக்கு ஒன்றும் பேச மாட்டார். எடுத்த சுவரை முடித்துவிட்டு, சாமான்களைத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போவார். மறுநாள் வர மாட்டார். காரணம் கேட்டால் வீட்டில் விசேஷம் என்பார்.

சேர்ந்த ஒன்றிரண்டு வாரத்திலேயே நிறைய பேர் போய்விடுகிறார்களே, ஏன்?

சொன்னது ஒன்று, வந்து பார்த்தது ஒன்று என்பதே பெரும்பாலான காரணம். கொத்து வேலை என்று கூட்டிவந்து மண் சுமக்க விடுகிறார்கள். தங்க அறை உண்டு என்றிருப்பார்கள், வந்தால் தகரக் கொட்டகையில் இருபது பேரோடு படுக்கச் சொல்வார்கள். கூலித் தொகை மாறியிருக்கும். வந்தவர் ஏமாந்ததாக நினைக்கிறார், அது சரியான நினைப்புதான்.

இரண்டாவது, உடம்பு பழகுவதற்குள் முழு வேலையைக் கொடுத்துவிடுவது. வெயிலில் வேலை செய்து உயிரிழப்பவர்களில் பெரும் பங்கினர் வேலையின் முதல் சில நாட்களில் இறக்கிறார்கள் என்று அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்பு அமைப்பு சொல்கிறது. அங்கே பரிந்துரைக்கும் முறை எளிமையானது. புதியவருக்கு வெயில் வேலை முதல் நாள் வழக்கமான அளவில் 20 சதவீதம் மட்டும், பிறகு தினமும் 20 சதவீதம் கூட்டிக்கொண்டே போக வேண்டும். காயத்தின் கதையும் இதேதான். வேலையில் முதல் மாதத்தில் இருப்பவருக்கு, ஒரு வருஷத்துக்கு மேல் இருப்பவரைவிடச் சுமார் மூன்று மடங்கு காய அபாயம் என்று டொரன்டோவில் உள்ள தொழில் நல ஆய்வு நிறுவனத்தின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் சைட்டில் எப்போதும் முதல் மாதத்து ஆட்கள்தான் நிறைந்திருப்பார்கள். அடி படுகிறது, அதைப் பார்த்து மற்றவர் போகிறார், அந்த இடத்துக்கு இன்னொரு புதியவர் வருகிறார். இந்தச் சுழல் தானாக நிற்காது.

புதிதாக வந்தவரோடு நிதானமான பழைய ஆள் ஒருவரை இரண்டு வாரம் சேர்த்து விடுங்கள். தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே, கூலி எந்தத் தேதி, அடி பட்டால் யாரைக் கூப்பிடுவது என்பதை முதல் நாள் காலையிலேயே அவர் பேசும் மொழியில் சொல்லிவிடுங்கள். இதற்குச் செலவே இல்லை.

வெயில் எப்போதும் இருந்ததுதானே? இப்போது மட்டும் ஏன் அது காரணமாகிறது?

தளத்தில் கம்பி கட்டுகிறவரை மதியம் பக்கத்தில் நின்று பாருங்கள். இடுப்பை மடக்கிக் குனிந்து, இடது கையில் கட்டுக்கம்பி, வலது கையில் கொக்கி, ஒரு முடிச்சுக்கு இரண்டு முறுக்கு, அடுத்த முடிச்சு. கீழே கம்பி சுடுகிறது, சென்ட்ரிங் தகடு வெப்பத்தை மேலே அடிக்கிறது, முதுகில் வெயில். நிழல் என்று அங்கே எதுவுமே கிடையாது. கையுறை போட்டால் முடிச்சு சரியாக விழவில்லை என்று கழற்றிவிடுவார், அப்புறம் விரல் நுனி பொத்துப்போகும்.

வெயில் கூடிக்கொண்டும் போகிறது. வெப்பத்தால் 2030-இல் உலகம் இழக்கும் வேலை நேரம் 2.2 சதவீதமாக இருக்கும், அது 8 கோடி முழுநேர வேலைகளுக்குச் சமம் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-இல் மதிப்பிட்டது. அந்த இழப்பில் கட்டுமானத்தின் பங்கு 1995-இல் 6 சதவீதமாக இருந்தது, 2030-இல் 19 சதவீதம் ஆகும் என்றும் கணித்தது. கத்தார் 2021-இல் கோடையில் காலை 10 மணி முதல் பிற்பகல் 3.30 வரை வெளி வேலையைத் தடை செய்தது. ஈரப்பதம், காற்று, வெயில் எல்லாம் சேர்த்து அளக்கும் வெப்பக் குறியீடு 32.1 டிகிரியைத் தாண்டினால் எந்த நேரமானாலும் வெளி வேலையை நிறுத்த வேண்டும் என்ற விதியையும் சேர்த்தது. விடியற்காலையில் தொடங்கி மதியம் நிறுத்தி மாலையில் தொடர்வது எந்த சைட்டுக்கும் முடிகிற காரியம்தான். தளம் போடும் நாளை மட்டும் முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

விபத்துக்குப் பயந்து போகிறார்களா?

போகிறார்கள், ஆனால் அதைச் சொல்ல மாட்டார்கள். பயம் என்று சொல்வது இந்தத் தொழிலில் கேவலமாகப் பார்க்கப்படுகிறது. சாரம் ஆடியது, கைப்பிடி இல்லை, பெல்ட்டை மாட்டக் கொக்கியே இல்லை என்று இரவில் தங்களுக்குள் பேசிக்கொள்வார்கள். யாராவது விழுந்துவிட்டால் மறுநாள் வருகை பாதியாகும். அமெரிக்காவில் கட்டுமான உயிரிழப்புகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயரத்திலிருந்து விழுவதால்தான். கைப்பிடியும் பலகையும் வலையும் சரியாக இருந்தால் இவற்றில் பெரும்பாலானவை நடக்கவே நடக்காது.

உடனடியாகக் கடுமையான ஆபத்து இருப்பதாக நம்ப நியாயமான காரணம் இருந்தால் தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம் என்பது சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1988-ஆம் ஆண்டு கட்டுமானப் பாதுகாப்பு உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவில் உள்ள உரிமை. "இந்தச் சாரத்தில் ஏற மாட்டேன்" என்று சொன்னவர் கூலி இழக்காமல் அன்றைக்கு வேறு வேலை செய்ய முடிகிற சைட்டில், அவர் மறுநாளும் வருவார். அது முடியாத சைட்டில் அவருக்கு இரண்டே வழி, ஏறுவது அல்லது போவது.

மெதுவாக வரும் சேதம் வேறு. மூட்டை சுமந்த முதுகு, மண்டியிட்டு டைல்ஸ் பதித்த முழங்கால், கான்கிரீட் உடைக்கும் பிரேக்கர் இயந்திரத்தைப் பிடித்து மரத்துப்போன விரல்கள், கல்லறுத்த தூசு இறங்கிய நுரையீரல். செயற்கைக் கல் பலகைகளை அறுத்த இளம் தொழிலாளர்களுக்கே சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்ததைப் பார்த்து ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளையே தடை செய்தது. ஐம்பதை நெருங்குவதற்குள் தொழிலை விடுபவர்களில் பலர் உடம்பு விடச்சொல்லி விட்டவர்கள். அனுபவம் முழுதாகக் கனிந்த வயதில் அவர்களை இழக்கிறோம். மட்டம் பார்க்கவும் புதியவர்களுக்குக் கற்றுத்தரவும் அவர்களைவிடத் தகுதியானவர் கிடைப்பாரா?

கழிப்பறை, குடிநீர், தங்குமிடம் எல்லாம் அவ்வளவு பெரிய காரணமா?

ஆமாம். நம்பாதவர்கள் ஒரு வாரம் தங்கள் சைட் கழிப்பறையையே பயன்படுத்திப் பார்க்கட்டும்.

பெண்கள் ஏன் நிலைப்பதில்லை?

முந்தைய கேள்வியிலிருந்தே தொடங்கலாம். பூட்டும் கதவு உள்ள தனிக் கழிப்பறை இல்லாததால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்கள் இருக்கிறார்கள். வெயிலில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று சொல்லத் தேவையில்லை. ஆண், பெண் இருவருக்கும் தனித்தனி வசதி வேண்டும் என்று நான் மேலே சொன்ன 1988 உடன்படிக்கையே சொல்கிறது.

அடுத்தது குழந்தை. பார்த்துக்கொள்ள இடம் இல்லையென்றால் தாய் வர முடியாது, அல்லது குழந்தையை ஜல்லிக் குவியலுக்குப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுப் பதறிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அதற்கும் மேலே ஒன்று உண்டு. பல வருஷம் சித்தாளாகக் கலவை சுமந்த பெண்ணுக்குக் கரண்டி பிடிக்க யாரும் சொல்லித்தருவதில்லை. கூடவே உதவியாளாகச் சேர்ந்த பையன் கொத்தனாராகி இரட்டிப்பாகச் சம்பாதிக்கும்போது அவர் அதே சட்டியைத்தான் சுமக்கிறார். தன்னோடு சேர்ந்தவனுக்கு வழி திறந்து தனக்கு மட்டும் மூடிக்கிடக்கும் தொழிலில் அவர் ஏன் இருக்க வேண்டும்? பாலியல் தொந்தரவு இருக்கும் இடத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. அங்கிருந்து அவர் போவதுதான் சரி, போக வேண்டியது தொந்தரவு செய்தவர் என்பது இன்னும் சரி.

வேலை இல்லாத நாட்களால் தொழிலையே விடுகிறார்களா?

தினக்கூலிக்காரருக்கு மழை நாள் கூலி இல்லாத நாள். மணல் வரவில்லை, வரைபடம் மாறியது, அனுமதி நின்றுபோனது, இவற்றில் எதுவும் அவர் தவறில்லை. ஆனால் அன்றைய நஷ்டம் அவருடையது. தினக்கூலி பெரிதாகத் தெரிந்தாலும் வருஷ மொத்தமாகப் பார்த்தால் வேறு வேலையில் உள்ளவரைவிடக் குறைவாக வருவது இதனால்தான். மாதச் சம்பளத்துக்குக் காவலாளியாகப் போனவரிடம் கேட்டால், கூலி குறைவுதான், ஆனால் வாடகையும் பள்ளிக் கட்டணமும் எப்போது கட்டுவது என்று இப்போது தெரிகிறது என்பார்.

பெரிய அளவில் இதையே தொழிலின் ஏற்ற இறக்கம் செய்கிறது. அமெரிக்காவில் 2006-இல் சுமார் 77 லட்சம் பேர் கட்டுமானத்தில் இருந்தார்கள். வீட்டுச் சந்தை சரிந்த பிறகு, 2011 தொடக்கத்தில் அது 55 லட்சத்துக்கும் கீழே போனது. அயர்லாந்தில் அதே காலத்தில் பாதிக்கும் மேல் காணாமல் போனது. சந்தை திரும்பியபோது ஆட்கள் அத்தனை பேரும் திரும்பவில்லை. தேவையில்லாதபோது கைவிட்ட தொழிலை அவர்கள் மறக்கவில்லை.

இளைஞர்களுக்கு உடல் உழைப்பு பிடிக்கவில்லை, அவ்வளவுதானே?

அப்படிச் சொல்பவர்கள் தங்கள் பிள்ளையை இந்த வேலைக்கு அனுப்பியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கஷ்டப்பட்ட கொத்தனார் தன் மகன் இங்கே வரக்கூடாது என்று நினைக்கிறார், அதற்கான காரணங்களைத்தான் இதுவரை எழுதியிருக்கிறேன். உடல் உழைப்பு மட்டும்தான் தடை என்றால், மூட்டையோடு மாடிமாடியாக ஏறி வீடுவீடாகப் பொருள் கொண்டுபோய்க் கொடுக்கவும் இளைஞர்கள் வந்திருக்க மாட்டார்கள்.

ஜப்பானில் 1997-இல் கட்டுமானத்தில் 68 லட்சத்துக்கும் அதிகமானோர் இருந்தார்கள். இப்போது 50 லட்சத்துக்கும் குறைவு, அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் 55 வயதைத் தாண்டியவர்கள். நீண்ட வேலை நேரம் இளைஞர்களை விரட்டுகிறது என்று புரிந்துகொண்டு, 2024 ஏப்ரலிலிருந்து கட்டுமானத்திலும் ஓவர்டைமுக்கு வருஷத்துக்கு 720 மணி நேரம் என்ற உச்சவரம்பைக் கொண்டுவந்தார்கள். அதற்கே பல வருஷம் அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது.

இன்னொரு காரணம், இங்கே அடுத்த படி எது என்று கண்ணுக்குத் தெரிவதில்லை. உதவியாளாக வந்தவர் எப்போது கொத்தனார் ஆவார், அதற்கு என்ன கற்க வேண்டும், கொத்தனார் ஆனபின் எவ்வளவு கூலி என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா? பெரும்பாலான சைட்டுகளில் எல்லாம் மேஸ்திரியின் மனதில்தான் இருக்கிறது.

பொறியாளர்களும் மேற்பார்வையாளர்களும்கூடப் போகிறார்களே?

அவர்கள் காரணம் சற்று வேறு. வேலை நேரம் விடியலில் தொடங்கி இரவில் முடிகிறது, ஞாயிற்றுக்கிழமையும் தளம் போடுவார்கள், ஒவ்வொரு திட்டத்துக்கும் வேறு ஊர். கல்யாணம் ஆகும் வரை தாங்குவார்கள், குழந்தை பிறந்ததும் அலுவலக வேலை தேடுவார்கள். அதோடு, முடியாத கால அட்டவணையை யாரோ ஒப்புக்கொண்டிருப்பார்கள், தாமதத்துக்குப் பதில் சொல்வது இளம் சைட் பொறியாளராக இருக்கும்.

சிட்னியில் கன்கார்ட் மருத்துவமனை விரிவாக்கப் பணியில் வழக்கமான ஆறு நாளுக்குப் பதில் வாரம் ஐந்து நாள் வேலை என்று நடத்திப் பார்த்தார்கள். அங்கே வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் அதையே விரும்பினார்கள். மணிக்கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குச் சனிக்கிழமை ஓவர்டைம் போய்விடுமே என்ற கவலையும் இருந்தது. அந்தக் கவலை நியாயமானது. நாளைக் குறைக்கும்போது கூலியையும் கூடவே யோசிக்காவிட்டால், மேலாளருக்குக் கிடைத்த ஓய்வுக்குத் தொழிலாளி பணம் கொடுத்ததாகிவிடும்.

மன உளைச்சலும் ஒரு காரணமா?

பெரிய காரணம், பேசப்படாத காரணம். இங்கிலாந்தில் 2011 முதல் 2015 வரையிலான தற்கொலைகளை அரசுப் புள்ளியியல் அலுவலகம் தொழில்வாரியாகப் பார்த்தபோது, திறன்சாராத கட்டுமான வேலை செய்யும் ஆண்களுக்கு அபாயம் ஆண்களின் தேசிய சராசரியைப் போல மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது. குடும்பத்தை விட்டுத் தூரம், கடன், வலி, அடுத்த வேலை எப்போது என்ற நிச்சயமின்மை, இதையெல்லாம் யாரிடமும் சொல்லக்கூடாது என்ற பழக்கம். ஆஸ்திரேலியாவில் 2008-இல் தொடங்கிய "மேட்ஸ் இன் கன்ஸ்ட்ரக்‌ஷன்" அமைப்பு, சைட்டில் வேலை செய்பவர்களுக்கே பயிற்சி தந்து, சோர்ந்துபோன சக தொழிலாளியைக் கண்டுகொண்டு பேசவும் உதவிக்குக் கூட்டிப்போகவும் சொல்லித்தருகிறது. வெளியிலிருந்து வருபவரிடம் பேசாதவர், கூடச் சாரம் ஏறுகிறவரிடம் பேசுவார். திடீரென்று வேலைக்கு வருவதை நிறுத்திய நல்ல தொழிலாளியைக் கணக்கிலிருந்து அடிப்பதற்கு முன்னால் ஒரு போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள்.

எங்கள் சைட்டில் யாருமே போவதில்லை. அப்படியானால் எல்லாம் சரிதானே?

சரியாக இருக்கலாம். போக முடியாமலும் இருக்கலாம். வேலைக்கு வர முகவருக்குக் கடன் வாங்கிப் பணம் கட்டியவர், கடவுச்சீட்டை முதலாளியிடம் கொடுத்தவர், பாக்கி மாட்டிக்கொண்டவர், இவர்கள் எல்லாம் புள்ளிவிவரத்தில் "நிலைத்த தொழிலாளர்கள்" ஆகத்தான் தெரிவார்கள். கத்தாரில் 2020 வரை பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் இல்லாமல் வேலை மாற முடியாது. அந்த விதியை நீக்க வேண்டியிருந்ததே, அதற்குமுன் அங்கே நின்றவர்கள் எல்லோரும் விரும்பி நிற்கவில்லை என்பதற்குச் சான்று. வேலை தேடித்தரும் முகவர் நிறுவனங்கள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பது 1997-லிருந்து சர்வதேச விதி. உங்களிடம் வந்தவர் யாருக்கு எவ்வளவு கொடுத்து வந்தார் என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆட்கள் உண்மையில் ஏன் போகிறார்கள் என்று எங்கள் சைட்டில் எப்படிக் கண்டுபிடிப்பது?

போகிறவரிடம் கேட்டால் உண்மை வராது. அவருக்குப் பாக்கி வர வேண்டும், நாளைக்கு அதே மேஸ்திரியிடம் திரும்ப வர வேண்டியிருக்கலாம். அதனால் பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்பார். பதிவேட்டைப் பாருங்கள், அது மறைக்காது. கடைசியாக வந்த தேதியைச் சம்பள தேதியோடு ஒப்பிடுங்கள். சம்பளம் வாங்கிய மறுநாள் கூட்டமாகப் போகிறார்கள் என்றால் பிரச்சினை பணத்தில். ஒரு மேற்பார்வையாளரின் கீழிருந்து மட்டும் போகிறார்கள் என்றால் அவரைப் பாருங்கள். முதல் பத்து நாளுக்குள் போகிறார்கள் என்றால் ஆள் பிடிக்கும்போது என்ன சொல்லப்பட்டது என்று விசாரியுங்கள். கோடையில் மட்டும் என்றால் பதில் தெரிந்ததுதான்.

அப்புறம், போனவர் வேறு இடத்தில் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து, பாக்கி எல்லாம் தீர்த்த பிறகு, அவர் நம்பும் யாரையாவது விட்டுக் கேளுங்கள். அப்போது சொல்வார். இன்னும் இருப்பவர்களிடமும் ஒன்று கேளுங்கள்: "உன் தம்பியை இங்கே கூட்டிவருவாயா?" தயங்கினால், தயக்கம் எதனால் என்பதிலிருந்து வேலையைத் தொடங்கலாம்.

நான் தொழிலாளி. இந்த சைட்டை விட்டுப் போகலாம் என்று இருக்கிறேன். போவதற்கு முன் என்ன செய்ய வேண்டும்?

முதலில், வந்த நாட்களை நீங்களே தேதி போட்டு எழுதி வையுங்கள். ஓவர்டைமைத் தனியாகக் குறியுங்கள். சைட்டின் வருகைப் பதிவில் உங்கள் பெயர் உள்ள பக்கத்தை முடிந்தால் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாங்கிய அட்வான்ஸையும் மறைக்காமல் எழுதுங்கள், கணக்கு நேராக இருந்தால்தான் பேச வலு இருக்கும். போவதை நாலு நாள் முன்னால் சொல்லிவிட்டு, பாக்கி எந்தத் தேதியில் வரும் என்று கேளுங்கள். தேதியை ஒரு குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள், அது பின்னால் உதவும். அடையாள அட்டை, கடவுச்சீட்டு, பயிற்சிச் சான்றிதழ் எதையும் விட்டுவிட்டு வராதீர்கள். தொழிலாளர் நல நிதியில் பதிவு இருந்தால், இந்த சைட்டில் வேலை செய்த காலத்துக்கு எழுத்தில் ஒரு சான்று வாங்குங்கள். உடம்பில் அடி பட்டிருந்தால் சிகிச்சைச் சீட்டையும், அது வேலையில் பட்டது என்பதற்கான பதிவையும் கையில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். இழப்பீடு கேட்க அது வேண்டும்.

புதிய இடத்தில் கூலி எவ்வளவு என்று கேட்பதோடு விடாதீர்கள். எந்தத் தேதியில் தருவார்கள், யார் கையால் தருவார்கள், மழை நாளுக்கு என்ன, தங்குவது எங்கே என்று கேளுங்கள். அங்கே ஏற்கெனவே வேலை செய்கிற ஒருவரிடம் தனியாகப் பேசி, போன மாதச் சம்பளம் எந்தத் தேதியில் வந்தது என்று தெரிந்துகொண்ட பிறகு மூட்டையைக் கட்டுங்கள்.